ஒரே குளுட்டமேட் எப்படி ஓர் இணைப்பை வலுவாக்கி இன்னொன்றைத் தளர்த்துகிறது?

தங்கச்சி, மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். பொகவந்தலாவையிலிருந்து உயர்தர உயிரியல் இரண்டாம் தடவை எழுதப் போகிறீர்கள். மூளைக் கலங்களில் குளுட்டமேட் வாங்கிகள் சினாப்ஸை, அதாவது இரண்டு நரம்புக்கலங்கள் சந்திக்கும் இணைப்பை, மாற்றுவதால்தான் நினைவு உண்டாகிறது என்று வாசித்தீர்கள், ஆனால் அதே குளுட்டமேட் ஒரு நேரம் இணைப்பை வலுவாக்கும், இன்னொரு நேரம் பலவீனமாக்கும் என்று எழுதியிருந்தது புரியவில்லை. அடுத்தது, டியூஷன் வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை குளுட்டமிக் அமிலம் என்று எழுதிய ஞாபகசக்தி மாத்திரை போடுகிறாள், நானும் போடலாமா என்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. மாற்றத்தைச் செய்வது குளுட்டமேட்டா, அதை வாங்கும் பக்கமா? வாங்கும் பக்கம்தான். அது பிடிபட்டால் மாத்திரைக்குப் பதில் தானாக வந்துவிடும்.

நான் பேராதனையில் படித்து, அப்புறம் வெளிநாட்டில் ஆறு வருஷம் எலி மூளைத் துண்டுகளில் மின்பதிவு எடுத்தவன். இப்போது ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். டாக்டர் இல்லை. ஆகவே சினாப்ஸைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள், மருந்து பற்றிச் சொல்வதை ஒரு டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சொல் விஷயம். நம் பாடப்புத்தகத்தில் வாங்கி, இந்தியப் புத்தகங்களில் ஏற்பி, இரண்டும் ஒன்றுதான், கலத்தின் மேற்பரப்பில் இருந்து செய்தியைப் பிடிக்கும் புரதம். மூளையில் ஒரு நரம்புக்கலம் அடுத்ததைத் தூண்டும் சினாப்ஸ்களில் பெரும்பாலானவை குளுட்டமேட் என்ற செய்திப் பொருளில்தான் ஓடுகின்றன. குளுட்டமேட்டை அடைத்து வைத்திருக்கும் சின்னப் பை ஒன்று, அதாவது ஒரு புடகம், திறந்தால் சில ஆயிரம் குளுட்டமேட் மூலக்கூறுகள் 20 நானோமீற்றர் அளவான இடைவெளியில் கொட்டும், எதிர்ப்பக்கத்து வாங்கிகளில் ஒட்டும், கொஞ்ச நேரத்தில் விலகும், மிச்சத்தைப் பக்கத்திலிருக்கும் ஆஸ்ட்ரோசைட் கலங்கள் உறிஞ்சிவிடும். வந்த செய்தி அவ்வளவுதான். வலுவாகு என்றோ தளர்ந்துவிடு என்றோ அதில் எதுவும் எழுதியிருக்காது.

எதிர்ப்பக்கத்தில் நமக்கு முக்கியமானவை இரண்டு வகை வாங்கிகள். ஆம்பா வாங்கி நேரானது, குளுட்டமேட் ஒட்டியதும் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், சில மில்லிசெக்கனில் மூடிவிடும், அன்றாடச் செய்திப் போக்குவரத்து பெரும்பாலும் அதன் வேலை. என்எம்டிஏ வாங்கி அப்படி இல்லை. குளுட்டமேட் ஒட்ட வேண்டும், கூடவே கிளைசீன், டி-செரீன் என்ற அமினோ அமிலங்களில் ஒன்று ஒட்ட வேண்டும், இரண்டும் ஒட்டிய பிறகும் கலம் ஓய்வில் -70 மில்லிவோல்ற்று அளவில் இருந்தால் அதன் துளைக்குள் ஒரு மகனீசியம் அயன் அடைத்துக்கொண்டு நிற்கும். 1984இல் பாரிஸில் லிண்டா நோவாக், ஃபிலிப் ஆஷே குழுவும், அமெரிக்காவில் மார்க் மேயர், கேரி வெஸ்ட்புரூக் குழுவும் தனித்தனியாக இதைக் காட்டினார்கள். வாங்கும் கலம் அதே நேரத்தில் வேறு சினாப்ஸ்களாலும் நன்றாகத் தூண்டப்பட்டு அதன் மின்னழுத்தம் ஏறியிருந்தால்தான் மகனீசியம் வெளியே தள்ளப்படும். அப்போது உள்ளே வருவது சோடியம் மட்டுமல்ல, கல்சியமும்தான். இந்தக் கதையின் உயிர் அந்தக் கல்சியத்தில் இருக்கிறது.

தேயிலை மலையில் ஆள் நடந்து நடந்து குறுக்குப்பாதை விழுகிற மாதிரி, பயன்படுத்தப் பயன்படுத்த இணைப்பு வலுவாகும் என்று வகுப்புகளில் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை பிடிப்பதில்லை. பாதை விழ நடப்பவன் மட்டும் போதும், மண் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இங்கே இரண்டு பக்கமும் வேண்டும். காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தை நினைத்துக்கொள்ளுங்கள், பேர் கூப்பிடும்போது ஆள் அங்கே நிற்க வேண்டும். கூப்பிட்டும் ஆள் இல்லை என்றால் பேர் விழாது, ஆள் நின்றும் கூப்பிடாவிட்டால் பேர் விழாது. குளுட்டமேட் கூப்பிடுவது, கலத்தின் மின்னழுத்தம் ஆள் நிற்பது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததா என்று பார்க்கும் கணக்கப்பிள்ளை என்எம்டிஏ வாங்கி. கனடாவின் உளவியலாளர் டொனால்ட் ஹெப் 1949இல் இரண்டு கலங்கள் சேர்ந்து வேலை செய்தால் அவற்றின் இணைப்பு உறுதிப்படும் என்று ஊகமாக எழுதினார். அந்த ஊகத்தைச் செய்துகாட்டும் மூலக்கூறு எது என்பது தெரிய 35 வருஷம் எடுத்தது.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை 400 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவி, 95 வீதம் ஒட்சிசனும் 5 வீதம் காபனீரொட்சைட்டும் குமிழியிடும் உப்புக் கரைசலில் வைப்போம். ஒரு பக்கம் தூண்டும் கம்பி, மறுபக்கம் பதிவெடுக்கும் கண்ணாடி மின்வாய். 30 செக்கனுக்கு ஒரு துடிப்பு கொடுத்தால் திரையில் கீழ்நோக்கி ஒரு சின்ன வளைவு வரும். 20 நிமிஷம் அந்த வளைவின் சரிவு ஒரே அளவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் ஒரே செக்கனில் 100 துடிப்பு. அவ்வளவுதான், திரும்பவும் பழையபடி 30 செக்கனுக்கு ஒன்று. வளைவு இப்போது முன்னைவிடச் செங்குத்தாக விழும், அதாவது இணைப்பு வலுவாகிவிட்டது, ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே விழும். ஒரு செக்கன் நடந்த காரியத்தை ஒரு துண்டு இழையம் நினைவு வைத்திருப்பதை முதல் தடவை பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதைத்தான் நீண்டகால வலுவூட்டல், சுருக்கமாக எல்டிபி என்கிறோம். 1973இல் டிம் பிளிஸும் டெர்யே லோமோவும் முயலின் மூளையில் இதை விரிவாக எழுதினார்கள். என்எம்டிஏ வாங்கியை மட்டும் அடைக்கும் ஏபிவி என்ற பொருளைக் கரைசலில் கலந்துவிட்டு அதே 100 துடிப்பைக் கொடுத்தால், சாதாரண வளைவு கெடாமல் வரும், ஆனால் வலுவாகாது. கிரஹாம் கோலிங்ரிட்ஜ் 1983இல் கண்டது அது. ஒருநாள் எங்கள் கரைசலில் மகனீசியம் சேர்க்க விடுபட்டுப்போனது. துண்டு கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்த மூளை மாதிரி தன்பாட்டில் வெடிக்கத் தொடங்கியது. அன்றைய வேலை எல்லாம் வீண். ஆனால் அந்த ஓர் அயன் எவ்வளவு பெரிய காவல் என்பதை அதற்குப் பிறகு நான் மறந்ததில்லை.

கல்சியம் உள்ளே வந்த பிறகு என்ன? வேகமாக, நிறைய வந்தால் காம்கைனேஸ் 2 என்ற நொதி விழித்துக்கொள்ளும். பெரும்பாலும் 12 துணையலகுகள் சேர்ந்த பெரிய புரதம் அது. ஓர் அலகு பக்கத்து அலகுக்குப் பொசுபேற்று ஒட்டிவிடுவதால் கல்சியம் வடிந்த பிறகும் கொஞ்ச நேரம் விழித்தே இருக்கும். அதன் விளைவாக அந்தச் சினாப்ஸில் கூடுதலான ஆம்பா வாங்கிகள் வந்து நிலைகொள்ளும், சினாப்ஸ் இருக்கும் முள் போன்ற புடைப்பும் பெரிதாகும். இதைக் கவனியுங்கள், முடிவெடுப்பது என்எம்டிஏ, ஆனால் வலு என்று நாம் அளப்பது ஆம்பாவின் எண்ணிக்கையை. 1995இல் இரண்டு குழுக்கள் ஊமைச் சினாப்ஸ்களைக் காட்டின. அவற்றில் என்எம்டிஏ வேலை செய்யும், வேலை செய்யும் ஆம்பா கிடையாது, ஆகவே சாதாரணமாகக் குளுட்டமேட் வந்தாலும் ஒன்றும் நடக்காது. எல்டிபி நடந்ததும் ஆம்பா வந்து சேர்ந்து அந்த ஊமை பேசத் தொடங்குகிறது. குளுட்டமேட்டின் அளவு முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றாகவே இருக்கலாம். மாறியது கேட்கும் காது.

சரி, தளர்வது எப்படி? 1992இல் செரீனா டூடெக்கும் மார்க் பேரும் அதே வகைச் சினாப்ஸை எடுத்தார்கள். செக்கனுக்கு ஒரு துடிப்பு வீதம் 900 துடிப்பு, அதாவது 15 நிமிஷம் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இணைப்பு பலவீனமாகி அப்படியே நின்றது. ஏபிவி போட்டால் இதுவும் நடக்கவில்லை. வலுவாக்கிய அதே வாங்கிதான் தளர்க்கவும் செய்கிறது! வித்தியாசம் கல்சியம் வந்த விதத்தில்தான். மெதுவாகத் தட்டும்போது மகனீசியம் அரைகுறையாகத்தான் விலகும், கல்சியம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நேரம் கசியும். கல்சினியூரின் என்ற நொதி கொஞ்சக் கல்சியத்துக்கே விழிக்கக்கூடியது, காம்கைனேஸ் 2 விழிக்க அதைவிட நிறைய வேண்டும். ஆகவே கசிவில் கல்சினியூரின் பக்கம் வெல்கிறது, பொசுபேற்றுகள் கழற்றப்படுகின்றன, ஆம்பா வாங்கிகள் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. இதுதான் எல்டிடி, நீண்டகாலத் தளர்வு. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இந்தப் பந்திதான். பரீட்சையில் இப்படிக் கேட்டால் என்எம்டிஏ, கல்சியத்தின் அளவும் நேரமும், கைனேஸ் (பொசுபேற்று ஒட்டும் நொதி), பொசுபட்டேஸ் (அதைக் கழற்றும் நொதி), ஆம்பா என்ற ஒழுங்கில் எழுதுங்கள்.

தளர்வு என்றதும் மறதி, நட்டம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் ஊரில் அப்படி நினைக்கக் கூடாது. கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தவர்கள்தானே நாம், வெறும் குச்சியாக நிற்கும், அந்தச் செடிதான் அடுத்து நல்ல கொழுந்து கொடுக்கும். என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். படங்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கினால் பக்கத்து நிரை அத்தையோடு வீட்டுக்கதை பேசிக்கொண்டே இரண்டு கையும் போகும், கண் செடியில் இருக்காது, ஆனால் கூடையில் விழுவது இரண்டு இலையும் ஒரு மொட்டும், முற்றிய இலை அபூர்வம். சின்ன வயதில் நான் பக்கத்தில் நின்று பறித்தால் என் பிடியில் பாதி முற்றல். இந்த மாதிரிக் கைப்பழக்கத்தில் பெரிய பங்கு சிறுமூளைக்கு இருக்கிறது. அங்கே ஒரு பர்க்கின்ஜி கலத்துக்கு ஒரு இலட்சத்துக்கும் மேல் மெல்லிய நார்கள் குளுட்டமேட்டால் செய்தி சொல்கின்றன. தவறு நடந்தது என்று வேறொரு தடித்த நார் அடிக்கும் அதே நேரத்தில் பேசிக்கொண்டிருந்த சினாப்ஸ்கள் தளர்கின்றன. மசாவோ இட்டோவின் குழு 1982இல் ஜப்பானில் இந்தத் தளர்வைக் காட்டியது. இங்கே முன்னுக்கு நிற்பது என்எம்டிஏ அல்ல, மெட்டபோட்ரோபிக் குளுட்டமேட் வாங்கி என்ற இன்னொரு இனம். அது தானே துளையாகத் திறக்காது, கலத்துக்குள் ஒரு தொடர்வினையைக் கிளப்பிவிடும். கடைசியில் உள்ளே இழுக்கப்படுவது இங்கேயும் ஆம்பாதான். பிழையான அசைவுக்குப் போகும் இணைப்பைத் தளர்த்தித் தளர்த்தி மிஞ்சுவதுதான் அந்தப் பழகிய கை என்பது அழகான விளக்கம். ஆனால் இது முடிந்த வழக்கு இல்லை. இந்தத் தளர்வு நடக்காதபடி மாற்றிய எலிகளும் அசைவுப் பாடங்களைச் சாதாரணமாகக் கற்றன என்று 2011இல் நெதர்லாந்துக் குழு ஒன்று காட்டியது. ஆகவே தளர்வு ஒரு வழி, ஒரே வழி அல்ல என்று சொல்வதுதான் நியாயம்.

எது உறுதி, எது இன்னும் சச்சரவில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் யூடியூபில் எல்லாவற்றையும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார்கள். மகனீசிய அடைப்பு, கல்சியம், ஆம்பா வந்து போவது, இவை கல்லில் எழுதியது மாதிரி. இந்த மாற்றங்களுக்கும் கற்றலுக்கும் தொடர்பு உண்டு என்பதும் இப்போது வலுவாகவே நிற்கிறது. 1986இல் ரிச்சர்ட் மோரிஸின் குழு எலிகளின் மூளைக்குள் ஏபிவி வகைப் பொருளைச் செலுத்தியபோது அவை கலங்கிய நீர்த்தொட்டியில் மறைந்திருந்த மேடை எங்கே என்று சரியாகக் கற்கவில்லை. 2014இல் ரொபேர்ட்டோ மாலினோவின் குழு ஒளியால் சினாப்ஸ்களைத் தூண்டி, எலியின் ஒரு பயநினைவை எல்டிடி கொடுத்து அடக்கி, எல்டிபி கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தது. இதைவிட நேரான சாட்சி கிடைப்பது கஷ்டம்.

சச்சரவில் இருப்பவை வேறு. தளர்வுக்கு என்எம்டிஏ வழியாகக் கல்சியம் வரவே வேண்டுமா, இல்லை குளுட்டமேட் ஒட்டி அந்த வாங்கியின் வடிவம் மாறினாலே போதுமா என்று 2013இலிருந்து இரண்டு கட்சி. நான் கசிவுக் கதையைத்தான் மேலே சொன்னேன், பரீட்சைக்கும் அதுதான், ஆனால் அது முழுக்கதை இல்லாமல் போகலாம். காம்கைனேஸ் 2 வலுவூட்டலைத் தொடக்குவது பொசுபேற்று ஒட்டும் வேலையாலா, என்எம்டிஏ வாங்கியோடு தன்னைக் கட்டிக்கொண்டு தூணாக நிற்பதாலா என்பதிலும் அண்மையில் தூண் பக்கம் சாட்சி கூடியிருக்கிறது. எல்லாவற்றிலும் பெரியது இது: ஒரு ஆம்பா வாங்கிப் புரதத்தின் ஆயுள் நாள்கணக்குத்தான், நம் நினைவோ அறுபது வருஷம் நிற்கிறது. ஆள் மாறிக்கொண்டே இருக்க, இடம் மட்டும் எப்படிக் காக்கப்படுகிறது என்பதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட பதில் கிடையாது. உங்களில் யாராவது போய் அதைக் கண்டுபிடித்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை.

மனிதரில் என்எம்டிஏ வாங்கி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு, இதை எங்கள் மலைநாட்டுக் குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். 2007இல் ஜோசெப் டால்மோவின் குழு ஒரு நோயை விவரித்தது: உடம்பின் பிறபொருளெதிரிகளே என்எம்டிஏ வாங்கிகளை மேற்பரப்பிலிருந்து இழுத்துவிடுகின்றன. பெரும்பாலும் இளம் பெண்கள். நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை சில நாளில், சில வாரத்தில் தாறுமாறாகப் பேசும், பயப்படும், புதிதாக எதுவும் நினைவில் நிற்காது, வலிப்பு வரும், வாய் கோணும். லயத்தில் இதைப் பார்த்தால் பேய் பிடித்தது என்று சொல்லிக் கோடாங்கியிடம் கூட்டிப் போவார்கள், எனக்கு அது நன்றாகத் தெரியும். அரிதான நோய்தான், ஆனால் சிகிச்சை இருக்கிறது, நேரத்தோடு தொடங்கினால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். சாமி கும்பிடுவது கும்பிடட்டும், அதே நாளில் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

இனி மாத்திரை. அதில் எழுதியிருக்கும் குளுட்டமிக் அமிலம் உடம்புக்குள் குளுட்டமேட்தான். குளுட்டமேட் மூளைக்கு வெளியே அரிதான பொருள் அல்ல. 1908இல் ஜப்பானில் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் இதுதான் என்று பிரித்தெடுத்தார், கொத்துரொட்டிக் கடைகளில் போடும் அஜினமோட்டோ அதன் சோடியம் உப்பு, தக்காளியிலும் பருப்பிலும் இருக்கிறது. சாப்பிடும் குளுட்டமேட்டில் மிகப் பெரும்பகுதியைக் குடற்கலங்களே எரித்துவிடும், இரத்தத்துக்கு வரும் கொஞ்சத்தையும் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் இருக்கும் இரத்தத் தடுப்பு உள்ளே விடாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ஒருவேளை உள்ளே போனால்? மகனீசியம் போடாத என் துண்டை நினைத்துப் பாருங்கள். 1987இல் கனடாவில் டொமோயிக் அமிலம் கலந்த மட்டிகளைச் சாப்பிட்ட 100க்கும் மேற்பட்டவர்கள் நோயானார்கள், அந்த அமிலம் குளுட்டமேட் வாங்கிகளை விடாமல் திறந்து வைக்கும் ஒன்று, சிலருக்கு நிரந்தரமாகப் புதிய நினைவு நிற்காமல் போனது. பாரிசவாதத்திலும் இறக்கும் கலங்களிலிருந்து கொட்டும் குளுட்டமேட் பக்கத்துக் கலங்களைக் கொல்வதில் பங்கெடுக்கிறது. அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் மெமன்டீன் என்எம்டிஏயைக் கூட்டுவதில்லை, அளவாக அடைக்கிறது. ஆகவே குளுட்டமேட் கூடினால் நினைவு கூடும் என்ற கணக்கே தப்பு. அந்தப் பிள்ளையின் மாத்திரை மூளைக்குப் போய்க் கெடுதல் செய்யும் என்று நான் சொல்லவில்லை, மூளைக்குப் போகவே போகாது, காசுதான் போகும்.

பிளேன்டீ பற்றிக் கேட்காவிட்டாலும் அடுத்து யாராவது கேட்பார்கள். தேயிலையின் வேரில் உண்டாகி இலைக்கு ஏறும் தியானின் என்ற அமினோ அமிலம் குளுட்டமேட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி, இரத்தத் தடுப்பையும் தாண்டும். ஆனால் இந்த வாங்கிகளில் அதன் பிடி குளுட்டமேட்டின் பிடியோடு பார்த்தால் மிக மிகப் பலவீனம். ஆய்வுகளில் 100, 200 மில்லிகிராம் கொடுத்து, பெரும்பாலும் கஃபீனோடு சேர்த்து, கவனத்தில் சின்ன முன்னேற்றம் பார்த்திருக்கிறார்கள். ஒரு கோப்பைத் தேநீரில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். விழித்திருக்க உதவினால் குடியுங்கள், இரவு ஒன்பதுக்குப் பிறகு வேண்டாம், தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் படித்தது நிற்காது.

படிக்கும் முறை பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 2012இல் எலி ஹிப்போகாம்பஸ் துண்டுகளில் பார்த்தார்கள், முதல் தூண்டலுக்குப் பத்து நிமிஷத்தில் கொடுத்த இரண்டாவது தூண்டல் மேலதிகமாக எதுவும் சேர்க்கவில்லை, ஒரு மணி நேரம் விட்டுக் கொடுத்தது நன்றாகவே சேர்த்தது. ஒரு துண்டு இழையத்தில் நடந்ததை உங்கள் தலைக்கு நேராகக் கொண்டுவர முடியாது, அந்த ஒரு மணி நேரத்தை மந்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நிற்கும் என்பது மனிதரிலேயே நூறு வருஷத்துக்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள், அடுத்த நாள் திரும்ப எழுதிப் பாருங்கள்.

அந்த மாத்திரைப் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், குளுட்டமிக் அமிலத்தைத் தவிர வேறு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன். சில நேரம் இரும்பு, பி12 இருக்கும். உங்களுக்குக் களைப்பும் தலைசுற்றலும் இருந்தால் மாத்திரை வாங்கும் காசில் முதலில் இரத்தம் பரிசோதித்துப் பாருங்கள், நம் தோட்டங்களில் பெண்பிள்ளைகளுக்கு இரத்தசோகை நிறைய, அது இருந்தால் படிப்பில் மனம் நிற்காது, அதற்கு மருந்தும் உண்டு.